ஃபேனுக்கு மேலே தொங்கிய பல்பு

மேலே தொங்குகிற விளக்கு, கீழே உட்கார்ந்து வேலை செய்கிறவனின் மூளைக்குள் எப்படிப் போகும்?

தாராவியில் எங்கள் சந்தில் இருக்கும் நஜ்முன்னிசா அக்கா இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பதினோராம் வகுப்பு முடித்தவன் என்பதால் கேட்டார். ஒளி நேர்கோட்டில் போகும் என்று படித்திருந்தேன். அது யாருக்கும் உதவாத பதில். பிறகு பலரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அக்காவின் கணவர் மன்சூர் அலியின் கதையைச் சொன்னால்தான் அந்தப் பதிலும் விளங்கும்.

மன்சூர் அலிக்கு ஊர் மேலப்பாளையம். பன்னிரண்டு வயதில் பம்பாய்க்கு வந்து தோல் பை தைக்கிற ஒரு கார்கானாவில், சின்னப் பட்டறை ஒன்றில், சேர்ந்தார். நாலு பேருக்கு நடுவில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. மூக்கைச் சிந்தினால் கரி வரும். ஊசி எங்கே போகிறது என்பதைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்லும். அப்படி இருபது வருஷம் தைத்தார். முப்பது வயதிலேயே நூலைக் கோக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறித் தனக்கென்று ஒரு தகரக் கொட்டகை பிடித்துப் பை கார்கானா தொடங்கியபோது, அவர் மனத்தில் இருந்தது ஒரே ஆசைதான்: தன்னிடம் வேலை செய்கிறவன் எவனும் கரிப்புகையில் உட்காரக் கூடாது.

1963இல் கொட்டகைக்குக் கரண்டு வந்தது. முகட்டிலிருந்து ஒயரை இறக்கிப் பெரிய பல்பாக ஒன்றைத் தொங்கவிட்டார். அந்தப் பல்பை வேறு யாரும் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகுமுன் தானே ஸ்டூலில் ஏறி, ஈரத்துணியால் ஒரு தரம், காய்ந்த துணியால் ஒரு தரம் துடைப்பார்.

"என்ன பாய், பல்புக்கும் கை கால் கழுவி ஒலு செஞ்சு விடுதியளா? அதுவும் தொழுகைக்கு வருதா?" என்பான் பூதத்தான். தையல்காரன். பாளையங்கோட்டைப் பக்கம், வாய் சும்மா இருக்காது.

"நீ குளிக்கதவிட அது சுத்தமா இருக்குல்லா. அதப் பேசு" என்பார் மன்சூர் அலி.

கொட்டகையின் நடுவில், பல்புக்கு நேர் கீழே, வெட்டுக்காரனின் இடம். முழுத் தோலை விரித்துப் போட்டு வெட்ட அகலமான இடம் வேண்டும். தைப்பவர்களும் ஒட்டுபவர்களும் நாலு சுவரோரமும் உட்கார்ந்திருப்பார்கள். வெட்டுக்காரன் கத்தியை ஒரு நூல் தவறவிட்டால் ஒரு தோலே வீண். அதனால் கார்கானாவில் முதலாளிக்கு அடுத்த மரியாதை அவனுக்குத்தான்.

அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவன் சலாவுதீன், நஜ்முன்னிசாவின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அக்காள்தான் அவனை வளர்த்தாள். பம்பாய்க்கு அவனைக் கூட்டிவந்த அன்று கணவனிடம் அவள் சொன்னது ஒரே வார்த்தை: "எனக்குன்னு இருக்கது இவன் மட்டுந்தான்." மன்சூர் அலி அதை மறக்கவில்லை. கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பத்தொன்பது வயதில் சலாவுதீனின் கை, தாராவியில் நாலு கார்கானாக்காரர்கள் வந்து நின்று பார்க்கிற கையாகிவிட்டது. அடுத்த சந்தில் மணிபர்ஸ் செய்கிற இனாயத்துல்லா தன் மகள் சாயிராவை அவனுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தார். "மாப்பிள்ளை வெட்டுக்காரன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தார்.

1965 ஏப்ரலில் தகரக் கூரை அனலாகக் கொதித்தது. மன்சூர் அலி சோர் பஜாருக்குப் போய்ப் பழைய சீலிங் ஃபேன் ஒன்றை வாங்கி, தோளில் சுமந்து வந்தார். அதை மாட்டக் கொட்டகையில் இருந்தது ஒரே குறுக்குக் கட்டை. அது பல்புக்கு இரண்டு முழம் கீழே, சரியாக வெட்டுக்காரனின் தலைக்கு மேலே ஓடியது. மாட்டி, ஸ்விட்சைப் போட்டார். காற்று நேராகச் சலாவுதீன் மேல் இறங்கியது.

"மாப்பிள்ளைக்கு மட்டும் ஊட்டி. நமக்கெல்லாம் தாராவிதானா?" என்றான் பூதத்தான்.

"வெட்டுறவன் வேர்வை தோல்ல சொட்டுனா கறை. ஒன் வேர்வை சொட்டுனா எவன் கேக்கப் போறான்?" என்றார் மன்சூர் அலி. அன்று அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

பன்னிரண்டாம் நாள் சலாவுதீனுக்கு முதல் வலிப்பு வந்தது.

தோலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவன் தலையை வெடுக்கென்று ஒரு பக்கம் திருப்பினான். கண்கள் மேலே சொருகின. அப்படியே சாய்ந்து, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. நல்ல வேளை, அப்போது கையில் கத்தி இல்லை, அளவுக் குச்சிதான் இருந்தது. "இரும்பு, இரும்பு" என்று நாலு பேர் கத்தினார்கள். மன்சூர் அலி இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் திணித்து விரல்களை மூடி அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. சாவிதான் நிறுத்தியது என்று எல்லாரும் நம்பினார்கள். தானாகவே நிற்கிற நேரம்தான் அது என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தோல் ஒட்டுகிற சொல்யூஷனின் வாடை என்றான் ஒருவன். கூரைக்கு மேலே போகிற கரண்டுக் கம்பியின் சூடு மண்டையில் இறங்கியிருக்கும் என்றான் இன்னொருவன். மண்டைச் சூடு என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். சொல்யூஷன் டப்பாக்கள் வாசலுக்குப் போயின. சலாவுதீன் ஃபேனுக்கு இன்னும் நேர் கீழே தள்ளி உட்கார வைக்கப்பட்டான். ரெகுலேட்டரைக் கடைசி நம்பரில் வைத்து, இனி யாரும் குறைக்கக் கூடாது என்றார் மன்சூர் அலி.

அந்தக் கோடையில் மட்டும் நாலு தடவை வந்தது.

"மச்சான், அங்க உக்காந்தா கண்ணுக்குள்ள என்னமோ படபடன்னு துடிக்கி. தோல் ஆடுத மாதிரி இருக்கு" என்று ஒரு நாள் சலாவுதீன் சொன்னான்.

மன்சூர் அலி கதவைத் திறந்துவைத்திருந்த பகல் வெளிச்சத்தில் அவன் இடத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பழுதான கண் வேறு. "சீக்கு வாரதுக்கு முன்னால அப்படித்தாம்ல இருக்கும். பயப்படாத" என்றார். அவன் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

மழைக்காலம் கழிந்து அக்டோபரில் இரண்டு பேரும் உல்லாஸ்நகர் வியாபாரி ஒருவருக்குப் பைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரயிலில் திரும்பினார்கள். சாயங்கால வெயில். சலாவுதீன் ஜன்னலோரம். தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக நின்ற மரங்களுக்கு இடையே சூரியன் வெட்டி வெட்டித் தெரிந்துகொண்டே வந்தது. காட்கோபர் வருவதற்குள் அவன் பெஞ்சிலிருந்து கீழே விழுந்து இழுத்துக்கொண்டிருந்தான். ரயில் முழுக்கப் பார்த்தது. அதில் தாராவிக்காரர்களும் இருந்தார்கள்.

கார்கானாவில் மட்டும் வந்தபோது வாடை என்று சொன்னவர்கள் இப்போது ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள். வெளியிலும் கூடவே வருகிறதே. இனாயத்துல்லா ஒரு வாரம் எதிரில் வராமலே சுற்றிப் போனார். பிறகு ஒரு நாள் வந்து உட்கார்ந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. பொம்பளப் புள்ளயப் பெத்தவன். கத்தி புடிக்கிறவன், எப்ப விழுவான்னு தெரியல. இவன் ஒரு வருசம் விழாம வெட்டட்டும். பொறவு பேசுவோம்."

அந்த வார்த்தை சலாவுதீனைப் பிடித்துக்கொண்டது. விழாமல் ஒரு வருஷம். கத்தியும் கையில் இருக்க வேண்டும்.

நஜ்முன்னிசா அவனை மாஹிம் தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிவந்தாள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஒன்றுமே வரவில்லை. கயிறு வேலை செய்கிறது என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள். குளிருக்கு ஃபேன் நிறுத்திக் கிடந்ததை யாரும் நினைக்கவில்லை. மார்ச்சில் ஃபேன் மறுபடி சுழன்றது. நாலாம் நாள் அவன் விழுந்தான்.

இந்தத் தடவை மன்சூர் அலி அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அங்கே அவன் தலையில் கம்பிகளை ஒட்டி, கண்ணுக்கு எதிரே ஒரு விளக்கை வைத்துப் படபடவென்று அணைத்து அணைத்து எரியவிட்டார்கள். காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்த பேனாக்கள் துள்ளின. டாக்டர் உடனே விளக்கை நிறுத்தினார். மராட்டிக்காரர், நடுவயது. ஹிந்தியில் நிதானமாகக் கேட்டார்: இவன் வேலை செய்கிற இடத்தில் விளக்கு சிமிட்டுகிறதா?

சலாவுதீன் வாயைத் திறந்தான். அதற்குள் மன்சூர் அலி பதில் சொல்லிவிட்டார். அவருடைய பல்பைப் பற்றி அல்லவா கேட்கிறார்கள்?

"இல்லை டாக்டர் சாப். எங்கள் பல்பு ஆடாது, அசையாது, ஒரு தடவைகூடச் சிமிட்டியதில்லை. வாராவாரம் நானே துடைக்கிறேன். காற்றுக்கு இவன் தலைக்கு மேலேயே ஃபேனும் போட்டிருக்கிறேன்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஃபேன் இருப்பது நல்லதுதான் என்றார் டாக்டர். இப்படிச் சிலருக்கு, வெட்டி வெட்டி எரியும் வெளிச்சம் கண் வழியாகப் போய் மூளையைக் கலைத்துவிடும், அதிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்றும் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கத்தி வேலை வேண்டாம் என்றார்.

திரும்பி வரும்போது தாதர் ஸ்டேஷன் படிக்கட்டில் சலாவுதீன் உட்கார்ந்துவிட்டான்.

"கத்திய எடுத்துட்டா நான் யாரு மச்சான்? இனாயத்து மாமா வீட்டுப் பக்கம்கூடப் போவ முடியாது."

"மொதல்ல மாத்திரையத் தின்னு. பொறவு பாப்போம்."

மாத்திரையில் இரண்டு மாதம் வலிப்பு வரவில்லை. அட்டை மடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தவன் தினமும் நடு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தற்காலிகமாக வந்த வெட்டுக்காரன் இரண்டு தோலைக் கெடுத்தான். ஜூன் முதல் வாரம் மன்சூர் அலி கத்தியை எடுத்து மைத்துனன் கையில் கொடுத்தார். நஜ்முன்னிசாவிடம் சொல்லவில்லை.

ஐந்து நாளில் மழை இறங்கியது. அன்று காலை பத்து மணிக்கே வானம் கறுத்துவிட்டது. சாரல் தோலில் படாமலிருக்க வாசலில் தார்ப்பாயை இறக்கினார்கள். கொட்டகைக்குள் வெளியிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை, பல்பு மட்டும்தான். உள்ளே புழுங்கியதால் ஃபேன் கடைசி நம்பரில் சுழன்றது.

சலாவுதீன் தலையை ஒரு பக்கம் திருப்புவதைப் பூதத்தான்தான் முதலில் பார்த்தான். ஊசியைப் போட்டுவிட்டு ஓடினான். அவன் எட்டுவதற்குள் சலாவுதீன் சாய்ந்துவிட்டான். வலது கை கத்தியை இறுக்கிப் பிடித்திருந்தது. பூதத்தான் அந்தக் கையைப் பிடித்து விரல்களைப் பிரிக்கப் போனான்.

"எடுக்காத" என்றார் மன்சூர் அலி. "அது இரும்புல்லா. கையிலயே இருக்கட்டும்."

பூதத்தான் கையை எடுத்துவிட்டான்.

ஒரு நிமிஷம்கூட இருக்காது. முதல் வெட்டில் கத்தி தரையில் கிடந்த தோலைக் கிழித்தது. அடுத்த வெட்டில் இடது மணிக்கட்டின் உள்பக்கம் இறங்கியது. இழுப்பு நிற்கவில்லை, கை மறுபடியும் போய் வந்தது. விரித்துக் கிடந்த தோல் ரத்தத்தை உறிஞ்சாமல் அப்படியே ஏந்தி வைத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். நரம்பும் தசைநாரும் அறுந்திருந்தன. தைத்துப் பார்த்தார்கள். இடது கையில் மூன்று விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை. தோலை இழுத்துப் பிடிக்கும் கை அதுதான். அது இல்லாமல் வெட்ட முடியாது.

நஜ்முன்னிசா ஆஸ்பத்திரி வராந்தாவில் கணவனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கத்திய யாரு குடுத்தா?"

"நாந்தான்."

அதன் பிறகு பல நாள் அவள் அவரோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஜூலையில் வெட்ட ஆள் கிடைக்காமல், மன்சூர் அலியே நடு இடத்தில் உட்கார்ந்தார். அன்றும் மழை, தார்ப்பாய் இறக்கியிருந்தது. தோலை விரித்து, கத்தியை ஓட்டினார். ஓடுகிற கத்தி ஒரு கத்தியாகத் தெரியவில்லை. ஏழெட்டுக் கத்திகளாக, விட்டுவிட்டுத் தெரிந்தது. தோல் துடித்தது. அவருடைய மங்கின கண்ணுக்கே துடித்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். துடிப்பு போகவில்லை.

"பூதம், ஃபேன நிறுத்து."

நின்றது. தோலும் அசையாமல் கிடந்தது.

"போடு."

இறக்கைகள் வேகம் பிடித்தன. ஒவ்வொரு இறக்கையும் பல்பை ஒரு கணம் மறைத்து, ஒரு கணம் விட்டது. தோல் துடிக்கத் தொடங்கியது. அவர் அண்ணாந்து பார்த்தார். முகட்டில் பல்பு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே ஃபேன். அதற்குக் கீழே அவர். சுவரோரம் போய் உட்கார்ந்து பார்த்தார். அங்கே வெளிச்சம் இறக்கைக்கு வெளியே சாய்வாக விழுந்தது, ஒன்றுமே தெரியவில்லை. கொட்டகையில் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் துடித்தது.

"பாய், என்ன ஆச்சு?" என்றான் பூதத்தான்.

"டாக்டர் கேட்டாரு. வெளக்கு சிமிட்டுதான்னு கேட்டாரு. நான் இல்லன்னு சொன்னேன்."

பூதத்தான் போய் ஃபேனை நிறுத்தினான்.

அவர் அன்றே டாக்டரிடம் போனார். கையை விரித்து, மேலே ஒரு கை, அதன் கீழே சுழலும் ஒரு கை என்று காட்டி விளக்கினார். டாக்டர் அதை ஒரு காகிதத்தில் வரைந்து பார்த்தார். நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை வெட்டுகிற வெளிச்சம்தான் இந்த நோய்க்காரர்களுக்கு மிகவும் ஆகாது, வேகமாகச் சுழலும் ஃபேன் அந்தக் கணக்கில்தான் வெட்டும் என்றார். எல்லாருக்கும் இப்படி வராது. ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு அப்படிப்பட்ட மூளை அமைந்திருக்கும். ரயிலில் மரங்களுக்கு இடையே வந்த வெயிலும் அதே வேலையைத்தான் செய்திருக்கும் என்றார். "விளக்கைப் பற்றி மட்டும் கேட்டேன். அந்த இடத்தை விவரமாகக் கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

இரும்பைப் பற்றியும் மன்சூர் அலி கேட்டார். அது எதற்கும் உதவாது என்றார் டாக்டர். வலிப்பு வந்தவனைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, பக்கத்தில் இருப்பதையும் கையில் இருப்பதையும் அகற்ற வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. அது தானாக நிற்கும்.

கையில் இருப்பதை அகற்ற வேண்டும் என்பதை மன்சூர் அலி இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாராம்.

வீட்டுக்கு வந்து மனைவியையும் மைத்துனனையும் எதிரே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். ஃபேனை மாட்டியது, கடைசி நம்பரில் வைத்தது, டாக்டருக்குச் சொன்ன பதில், 'எடுக்காத' என்று சொன்னது. ஒன்றையும் விடவில்லை.

சலாவுதீன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப ஜின்னு இல்லியா மச்சான்?"

"இல்லப்பா."

"நான் அன்னைக்கே சொன்னேனே, தோல் ஆடுதுன்னு."

"சொன்ன."

"இனாயத்து மாமாட்ட நீங்களே சொல்லுதியளா? ஜின்னு இல்லன்னு."

இனாயத்துல்லாவிடம் போக மன்சூர் அலி எழவில்லை. சாயிராவுக்குக் காட்கோபரில் வேறு இடம் பேசி முடித்து, நிக்காஹ்வுக்குத் தேதியும் வைத்தாகிவிட்டது. அது அவருக்கும் நஜ்முன்னிசாவுக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்குத் தெரியாது. அதையும் அவரேதான் சொன்னார்.

சலாவுதீன், "காத்துக்குத்தான ஃபேன வச்சிய" என்றான். அவ்வளவுதான்.

நஜ்முன்னிசா எழுந்து போய்த் தங்கள் வீட்டு விளக்கின் ஸ்விட்சை அணைத்தாள். அந்த வீட்டில் ஃபேனும் இல்லை, அந்த விளக்கால் யாருக்கும் தீங்கும் இல்லை என்று பிறகு நானே அக்காவிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் இன்றுவரை அக்கா மண்ணெண்ணெய் விளக்குத்தான் ஏற்றுகிறார். அந்தக் கரிப்புகையில் உட்கார்ந்துதான் மன்சூர் அலி இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறார்.

சலாவுதீன் மாட்டுங்காவில் ஒரு கடையில் வலது கையால் பார்சல் கட்டுகிறான். மாத்திரையை விடவில்லை. ரயிலில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறான். இரண்டு வருஷமாக வலிப்பு வரவில்லை. வலிப்பு வராத அந்த ஒரு வருஷத்தை இனாயத்துல்லா கேட்டபோது அவனால் கொடுக்க முடியவில்லை.

கார்கானாவில் இப்போது பல்பு ஃபேனுக்குக் கீழே, ஒரு பக்கமாகத் தொங்குகிறது. மன்சூர் அலி எங்கே நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்க்கிறார். டீக்கடை, சலூன், செம்பூரில் ஒரு கல்யாண வீடு என்று எங்கே போனாலும் இதேதான். ஃபேனுக்கு மேலே விளக்கு இருந்தால் அந்த இடத்து முதலாளியைத் தேடிப் பிடித்துச் சொல்கிறார். பாதிப் பேர் சிரிக்கிறார்கள். 'பல்பு பாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. கால் போகிற இடம் வரைதான் அவரால் சொல்ல முடியும்.

அதனால் நான் எழுதினேன். இதைப் படிக்கிறவர்கள் நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். விளக்கு ஃபேனுக்கு மேலே இருந்தால் தள்ளி மாட்டுங்கள். யாராவது கண்ணுக்குள் வெளிச்சம் துடிக்கிறது என்று சொன்னால் நம்புங்கள். வலிப்பு வந்தவன் கையில் இரும்பு இருந்தால் முதலில் அதை எடுங்கள். உங்கள் சந்தில் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள். சலாவுதீனுக்கு நடந்ததை அவர்களுக்கும் வாயால் சொல்லுங்கள். அவர்களையும் இன்னும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.